மெபிடெல் டிரெஸ்ஸிங்: கொப்புளத் தோல் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து

புண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்துவிட்டால், அந்தக் கட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் டிரெஸ்ஸிங் பொருள் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கழற்றும்போது என்ன ஆகிறது? இதுவரை வாங்கிப் பார்த்தவற்றில் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியது மெபிடெல். அதைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் தேடியபோது எனக்கு எதுவும் அகப்படவில்லை.

என் மகளுக்கு எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பிறவித் தோல் நோய். டாக்டர்கள் ஈ.பி. என்பார்கள். சட்டைக் காலர் உரசினாலும், விளையாட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தாலும், அந்த இடத்தில் கொப்புளம் எழும்பி, தோல் வழன்று, பச்சைப் புண்ணாகிவிடும். இது தொற்று நோய் இல்லை, யாருக்கும் பரவாது. பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் இங்கேயும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் புரிந்த விதத்தில் நோயைச் சொல்கிறேன். மேல்தோலை அதன் அடித்தோலோடு பிடித்து வைத்திருப்பவை ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதத்தால் ஆன நுண்ணிய இழைகள். ரவிக்கைத் துணியையும் லைனிங்கையும் சேர்த்து அடித்த தையல் இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனியாக நழுவுமே, அதுதான் அவள் தோலில் நடக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவின் இரண்டு பிரதியிலும் அவளுக்குப் பழுது. ஒன்று என்னிடமிருந்து வந்தது, மற்றது அவள் அப்பாவிடமிருந்து வந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். மெபிடெலைத் தயாரிப்பது ஸ்வீடன் நாட்டு மோல்ன்லிக்கே நிறுவனம். உறையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய, அடியில் இருப்பது தெரிகிற ஒரு வலைத் தாள் இருக்கும். பாலிஅமைட் நூல் வலைமேல் மிருதுவான சிலிக்கோன் பூசியிருக்கிறார்கள். அந்தச் சிலிக்கோன் காய்ந்த தோலில் லேசாகப் பிடித்துக்கொள்ளும், ஈரமான புண்ணில் பிடிக்காது. ஆகவே புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் தாள் அசையாமல் உட்கார்ந்திருக்கும், புண்ணின் மேல் சும்மா படுத்திருக்கும். புண்ணிலிருந்து வடியும் நீர் வலைக் கண்கள் வழியாக மேலே வந்து, மேலே வைத்த காஸ் துணியில் ஊறும். காஸை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம், புண்ணைத் தொடவே வேண்டாம்.

14 நாள் வரை அப்படியே விடலாம் என்று நிறுவனம் சொல்கிறது. சாதாரணக் காயத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அவ்வளவு விடுவதில்லை. ஈ.பி. உள்ள பிள்ளைக்குப் பக்கத்திலேயே புதுக் கொப்புளம் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கொப்புளங்கள் தானாக ஓர் எல்லையில் நிற்காது. சுத்தமான ஊசியால் அடிப்பக்கம் குத்தி நீரை வடித்துவிட வேண்டும், மேலே உள்ள தோலைப் பிய்க்காமல் அப்படியே படிய விட வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தாலேயே பரவிக்கொண்டு போகும்.

இதற்கு முன்னால் பாரஃபின் தடவிய காஸ்தான் போட்டோம். போடும்போது வழவழவென்று இருக்கும். வெயில் காலத்தில் மறுநாளே காய்ந்துவிடும். புண்ணில் வளரும் புதுச் சதை காஸின் கண்களுக்குள் ஏறிப் பிடித்துக்கொள்ளும். வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து ஊற வைத்து, ஊற வைத்து எடுத்தாலும் ரத்தம் கசியாமல் வராது. தண்ணீரில் உப்புக் கலக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை: 10 லிட்டருக்கு 90 கிராம், டாக்டர் சொன்ன அளவு. உடம்பில் உள்ள உப்பின் அளவுக்குச் சமமாக இருப்பதால் வெறும் தண்ணீரை விட எரிச்சல் குறைவு. மெபிடெல் வந்த பிறகு குளியல் நேரத்தில் ஒரு பெரிய மாற்றம்: ஓரத்தை அவளே பிடித்து, தோலோடு ஒட்டினாற்போல் படுக்கை வாட்டில், மெல்ல உரித்து எடுக்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை. வலிக்கும் இடம் வந்தால் நிறுத்துவது அவள் கையில் இருக்கிறது என்பதே அவளுக்குப் பாதி தைரியம்.

"எதுக்கு இப்படி மூடி மூடி வைக்கிற, காத்துப்பட விடு, காயட்டும்" என்று அத்தை சொல்லாத நாள் கிடையாது. அத்தை மட்டுமில்லை, தெருவே சொல்லும். இதற்கு 1962லேயே பதில் கிடைத்திருக்கிறது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்து பொருக்குத் தட்டினால் புதுத் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்குப் போய்த்தான் நகர வேண்டும். ஈரம் இருந்தால் மேலேயே நேராக நகர்ந்து போகும். ஆற்றுவது உடம்புதான், டிரெஸ்ஸிங் செய்ய வேண்டியது அந்த ஈரத்தைக் காத்து, கழற்றும்போது கெடுக்காமல் இருப்பது. அத்தைக்கு இதை விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். இப்போது காஸ் மடித்துக் கொடுப்பது அவர்தான்.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். மெபிடெலுக்கு இரண்டு பக்கமும் பிசுபிசுப்பு உண்டு. காய்ந்த கையுறையோடு எடுத்தால் கையுறையில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. கையுறை விரல்களையும் கத்தரிக்கோல் அலகையும் சலைன் உப்பு நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புப் படலத்தை உரிப்பதற்கு முன்னாலேயே அளவெடுத்து வெட்டிவிட வேண்டும். சின்னப் புண் என்றால் சுற்றிலும் குறைந்தது 2 சென்டிமீட்டர் நல்ல தோல்மேல் படிய வேண்டும், பெரிய புண்ணுக்கு 5 சென்டிமீட்டர். முழங்கைக்கு நான் ஆம்ஹோல் (சட்டையில் கை இணையும் இடம்) வளைவில் வெட்டுகிறேன், நேராக வெட்டினால் மடக்கும்போது தூக்கிக்கொள்கிறது. இரண்டு துண்டு சேர வேண்டிய இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறட்டும், ஆனால் கண்கள் அடைபடக் கூடாது.

விரல்களுக்குத்தான் அதிக நேரம் ஆகும். இந்த வகை ஈ.பி.யில் விரலிடுக்குகளில் மாறி மாறிப் புண் வந்து ஆறும்போது பக்கத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், கை மூடிக்கொண்டே வரும். அதனால் ஒவ்வொரு விரலையும் தனியாகச் சுற்ற வேண்டும். சுண்டுவிரல் அகலத்தில் கீற்று வெட்டி, இடுக்கின் அடிவரை கொண்டுபோய் இரண்டு பக்கமும் ஏற்றி விடுகிறேன். அதன் மேல் காஸ், அதற்கு மேல் மெல்லிய ரோல் பேண்டேஜ். ஒட்டுகிற பிளாஸ்திரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வராது. மருத்துவமனையில் ஊசி போட்ட இடத்தில் யாராவது பழக்கதோஷத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால், அதை எடுப்பதற்குள் ஒரு புது வெட்டுக்காயமே ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் "டேப் ஒட்டக் கூடாது" என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

(உடுப்பும் டிரெஸ்ஸிங்கில் சேர்த்திதான். அவள் துணிகளை நானே தைக்கிறேன். மடிப்பும் தையலும் வெளிப்பக்கம் இருக்கும், லேபிள் கிடையாது, இடுப்பில் எலாஸ்டிக் கிடையாது. கேட்டால் எந்தத் தையல்காரரும் செய்து தருவார்.)

குறைகளைச் சொல்கிறேன். விலை அதிகம். ஒரு நடுத்தர அளவுத் தாளின் விலையில் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வந்துவிடும், முதுகு முழுக்கப் புண் இருக்கும் நாளில் அதை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும். இது நீரை உறிஞ்சாது, மேலே காஸ் இல்லாமல் போட்டால் துணியெல்லாம் நனையும். கெட்டியாக வடிகிற புண்ணில் கண்கள் அடைத்துக்கொண்டு நீர் அடியிலேயே தேங்கும், அங்கே இதைப் போட்டு மூடி வைத்து மறக்கக் கூடாது. நாற்றம், சிவப்பு, காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்புறம், வேர்வை. சித்திரை வைகாசியில் அக்குள், முழங்கால் மடிப்பு போன்ற இடங்களில் பிடிமானம் குறைந்து நழுவுகிறது, குழாய் போன்ற வலை பேண்டேஜ் மேலே மாட்டினால்தான் நிற்கும்.

ஒட்டாத டிரெஸ்ஸிங் என்ற பெயரில் பல பொருள்கள் விற்கின்றன. நடுவில் ஒட்டாத பஞ்சும் ஓரமெல்லாம் அக்ரிலிக் பசையும் உள்ளவை நம் பிள்ளைகளுக்கு ஆபத்து. எது புதிதாக வந்தாலும் என் முன்கையில் ஒட்டி, ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் உரித்துப் பார்ப்பேன். ரோமம் பிடுங்கினால் அது என் மகளுக்கு ஆகாது. ஒரு மருந்துக் கடையில் உறை பிரிந்த தாளை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிருமி நீக்கிய பொருளுக்கு உறை போனால் மதிப்பு போயிற்று.

வாங்க முடியாத நாள்களுக்கு வாழையிலை இருக்கிறது. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. தோல் உரிந்துபோன நோயாளிகளை வாழையிலை மேல் படுக்க வைப்பது நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் தெரிந்த விஷயம்தான். மும்பையில் தீக்காய நோயாளிகளிடம் வாழையிலையையும் வாசலின் காஸையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2003ல் வெளியிட்டார்கள். இலை போட்டவர்களுக்குக் கழற்றும்போது வலி மிகக் குறைவு என்று வந்தது. இலையின் மெழுகுப் பக்கம் ஒட்டாது, ஈரத்தையும் காக்கும். நான் நீராவியில் சுத்தம் செய்த இளம் இலையைப் படுக்கையில் முதுகுக்கு அடியில் விரிக்கிறேன். கையைச் சுற்ற இலை சரிப்படாது, நரம்புப் பக்கம் கிழிந்துவிடும். அங்கே மெபிடெல்தான்.

கொலாஜன் தாள் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிட்ட தோல் தொழிலுக்காகத் தொடங்கியது, தீக்காயத்துக்கான கொலாஜன் தாளையும் உருவாக்கித் தந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கொலாஜனில் பல வகை உண்டு. அந்தத் தாள்கள் புண்ணை மூடிக் காக்கும், என் மகளிடம் இல்லாத ஏழாம் வகையைக் கொண்டு வந்து சேர்க்காது. கொலாஜன் பொடியைக் கரைத்துக் குடிப்பதும் அப்படியே. வயிற்றில் செரித்துப் போகும். அந்தக் காசுக்கு முட்டை, பருப்பு, இரும்புச் சத்து மருந்து வாங்கிக் கொடுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு ரத்த சோகை சீக்கிரம் வரும்.

மெபிடெல் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஈ.பி.யில் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய பிரிவுகள் நான்கு. சிம்ப்ளெக்ஸ் வகையில் கொப்புளம் மேல்தோலுக்குள்ளேயே வரும், பெரும்பாலும் கெரட்டின் 5 அல்லது 14 மரபணுவில் பழுது. ஜங்ஷனல் வகையில் இரண்டு அடுக்கும் சந்திக்கும் சவ்வில் பிரியும். டிஸ்ட்ரோஃபிக் வகையில் அதற்கும் கீழே பிரியும், என் மகளுக்கு இதுதான். நான்காவது கிண்ட்லர், மிக அரிது. இது புத்தக அறிவு மட்டும் இல்லை. சிம்ப்ளெக்ஸ் பிள்ளைகளுக்குச் சூடும் வேர்வையும் ஆகாது. மூடி வைத்தால் இன்னும் கொப்புளிக்கும், அவர்களில் பலருக்குச் சோளமாவு தூவிக் காற்றாட விடுவதே சுகம். என் மகளுக்குக் கைகொடுத்த பொருள் உங்கள் பிள்ளைக்குக் கெடுதலாகலாம்.

எங்களுக்கு இந்தப் பெயர் கிடைக்க வெகு காலம் பிடித்தது. பிறக்கும்போதே ஒரு கணுக்காலில் தோல் இல்லாமல்தான் பிறந்தாள். பிறந்த இடத்தில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஊரில் அக்கி என்றார்கள், காவி எழுதச் சொன்னார்கள். கடைசியில் வேறு ஊரில் ஒரு தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னார். பிள்ளையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, அடியிலும் கழுத்துக்குப் பின்னாலும் தாங்கித் தூக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பிறகு தொடையில் கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து, பென்சில் ரப்பரை வைத்து மெதுவாகத் திருகினார். புதிதாகப் பிரிந்த அந்த ஓரத்திலிருந்துதான் மிளகளவு தோல் எடுத்தார். பழைய கொப்புளத்தில் எடுத்தால் ஆறத் தொடங்கிய தோல் பொய் சொல்லும் என்றார். அந்தத் துண்டில் ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாக ஒளிரும் சாயம் ஏற்றி, எந்தப் புரதம் தெரிகிறது, எது தெரியவில்லை, பிரிந்த இடத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏழாம் வகை கொலாஜன் இருக்க வேண்டிய கோடு இருட்டாக இருந்தது. அதன்பின் மூன்று பேருக்கும் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அந்த மரபணுவில் 118 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள், பழுது எதில் வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால் முழுவதையும் வாசித்தார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் உறவு. மாமன் மகன். இருவரும் பழுதைச் சுமக்கிறோம், எங்களுக்குக் கொப்புளம் வராது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவில் கட்டாதவர்களுக்கும் இது வரும், ஆகவே யாரையும் குற்றம் சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள். பழுது எந்த இடத்தில் என்று தெரிந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் வாக்கில் நஞ்சுக்கொடியில் துளி திசு எடுத்துச் சோதிக்க முடியும். மரபணுச் சோதனைக்குச் செலவழித்த காசு டிரெஸ்ஸிங்குக்குச் செலவழித்ததைவிடப் பயனுள்ளது என்பேன்.

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் கேட்டால் நம்பிக்கை வரும். 2015ல் ஜெர்மனியின் போஹும் நகரத்துத் தீக்காயப் பிரிவில் ஏழு வயதுச் சிரியச் சிறுவன் சேர்க்கப்பட்டான். ஜங்ஷனல் வகை, உடம்பின் பெரும்பகுதியில் தோலே இல்லை. அவன் உடம்பில் மிஞ்சிய நல்ல தோலில் 4 சதுர சென்டிமீட்டர் எடுத்து, இத்தாலியின் மொதெனாவில் அந்தச் செல்களுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தி, தாள் தாளாக வளர்த்து, அறுவை சிகிச்சைகளில் உடம்பின் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குப் போர்த்தினார்கள். 2017ல் அறிவித்தபோது அந்தத் தோல் சாதாரணத் தோலாகவே உரசலைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேல்தோலை ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பது கொஞ்சமே உள்ள, புதுச் செல்களைப் பிறப்பிக்கும் நீண்டகால ஸ்டெம் செல்கள்தான் என்பதையும் அந்தச் சிறுவனின் தோல்தான் காட்டிக் கொடுத்தது.

என் மகளின் வகைக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் வைஜுவெக் என்ற ஜெல் அனுமதி பெற்றது. பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸின் முதுகில் ஏழாம் வகை கொலாஜன் மரபணுவை ஏற்றியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை புண்ணில் துளித்துளியாக விட வேண்டும். 31 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் மருந்து ஜெல் போட்ட புண்களில் 67 சதவீதமும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஜெல் போட்டவற்றில் 22 சதவீதமும் முழுமையாக மூடின. 2025 ஏப்ரலில், மரபணு திருத்திய சொந்தத் தோலையே தாளாக வளர்த்துத் தைக்கும் செவாஸ்கின் சிகிச்சைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஜெல்லின் விலையை ஆண்டுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொகையை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. மருந்து இருக்கிறது, பிள்ளைக்கு எட்டவில்லை என்பது மருந்தே இல்லை என்பதைவிடக் கொடுமை. நம் அரசும் நம் ஆய்வுக்கூடங்களும் இதைக் குறைந்த செலவில் செய்ய வேண்டும், செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஜெல் வந்தாலும், விட்ட துளி வழிந்து போகாமல் மேலே ஒரு டிரெஸ்ஸிங் போட்டு மூடத்தான் வேண்டும். ஆக, ஒட்டாத கட்டின் தேவை தீரப் போவதில்லை.

என் தீர்ப்பு: டிஸ்ட்ரோஃபிக் வகை என்று உறுதியான பிள்ளைக்கு மெபிடெல் வாங்கலாம், கண்டிப்பாக வாங்கலாம். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் விரல்களுக்கும், அடிக்கடி திறக்கும் புண்களுக்கும் ஒதுக்குங்கள். காலில் ஆறி வரும் மேலோட்டமான புண்ணுக்குப் பாரஃபின் காஸையே தினமும் காயவிடாமல் மாற்றிச் சமாளிக்கலாம். சின்னத் தாள்களாக வாங்குவதைவிடப் பெரிய தாள் வாங்கி, ஒரே வேளையில் எல்லாப் புண்ணுக்கும் அளவெடுத்து வெட்டினால் சேதாரம் குறைவு. வெட்டி மிஞ்சியதை எடுத்து வைத்து மறுநாள் போடாதீர்கள், கிருமி நீக்கிய நிலை போயிருக்கும். கடையில் பெட்டியோடு காட்டச் சொல்லி, காலாவதித் தேதியையும் உறையின் நான்கு ஓரத்தையும் பார்த்து வாங்குங்கள். டாக்டரின் சீட்டில் ஈ.பி. என்று நோயின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், உதவித் திட்டம் எதற்காவது மனுக் கொடுக்கும்போது அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.